தூசு போன வழி

கோலார் தங்கவயலில் தங்கத்துக்குக் கணக்கு உண்டு. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் எடுத்தார்கள். எந்தச் சுரங்கத்தில், எந்த ஆண்டில், ஒரு டன் பாறைக்கு எவ்வளவு தங்கம் என்று ஏடு ஏடாக எழுதியும் வைத்தார்கள். அதே பாறையிலிருந்து, அதே கைகளால் கிளம்பிய தூசுக்கு அப்படி ஒரு ஏடு கிடையாது. தங்கம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. தூசு போன வழி சுற்று வழி. நுரையீரலுக்குள் நுழைந்து, எக்ஸ்ரே படமாகி, சதவீதமாகி, கடைசியில் ஒரு கேள்வித்தாளின் வாசலில் வந்து நிற்கிறது. இது அந்த வழியின் கதை.

பாறைக்கு வயது சுமார் 270 கோடி ஆண்டு. கோலார் ஷிஸ்ட் பட்டை வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் ஓடுகிறது, அகலம் சில கிலோமீட்டர்தான். கருத்த அந்தப் பாறைக்குள் வெள்ளையும் சாம்பலுமாகக் குவார்ட்ஸ் பாய்ந்திருக்கிறது. தங்கம் இருப்பது அதில். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. ஆகவே தங்கம் வேண்டுபவன் சிலிக்காவை உடைத்தாக வேண்டும். பாறையாகக் கிடக்கும்வரை அது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. துளைத்து, வெடித்து, வாரி, அரைக்கும்போதுதான் பொடிந்து காற்றில் ஏறுகிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே காலூன்றியது. சம்மட்டியும் உளியும் செய்த வேலையை அழுத்தக் காற்றில் ஓடும் டிரில் எடுத்துக்கொண்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்லாத தங்கவயல்காரர் இல்லை. பெருமைக்குரியதுதான். ஆனால் இயந்திரத்தின் வேகம் கூடக் கூடத் தூசின் வேகமும் கூடியது.

சிலிக்காத் தூசில் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவு ஆபத்தானதில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொண்டு சளியோடு வெளியே வந்துவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்த துணுக்கு, அதாவது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போகிறது. அங்கே குப்பை அள்ளும் செல் ஒன்று வந்து அதை விழுங்குகிறது. சிலிக்காவை அதனால் செரிக்க முடியாது. செல் செத்துப்போகிறது, துணுக்கு மறுபடி வெளியே விழுகிறது. அடுத்த செல் வருகிறது, அதுவும் சாகிறது. செத்த இடத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்புகள் சேர்ந்து முடிச்சாகின்றன. இதற்குப் பத்து, இருபது ஆண்டு ஆகலாம். தூசை விட்டு விலகி மேலே வந்துவிட்ட பிறகும் முடிச்சு வளர்ந்துகொண்டே போகலாம். சிலிகோசிஸ் என்கிறார்கள். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இப்படிக் கெட்ட நுரையீரல் காசநோய்க் கிருமிக்கு எளிதில் இடம் கொடுத்துவிடுகிறது; இரண்டும் சேர்ந்து வரும்போது எது எது என்று பிரித்துச் சொல்ல மருத்துவர்களே திணறுவார்கள்.

அந்த நுரையீரல்கள் யாருடையவை? பெரும்பாலும் தமிழர்களுடையவை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். ஊரில் பண்ணையாரிடம் கிடக்காமல் கையில் கூலி வாங்கலாம் என்று வந்தவர்கள். மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். மேலே இருந்த ஆங்கிலேயர் குடியிருப்பை 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். கீழே இருந்தவர்களைப் படிப்பறிவில்லாத கூட்டம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலின் மாரிக்குப்பத்தில் தமிழ்ப் பௌத்தச் சங்கம் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பண்டிதரே ஒரு சித்த மருத்துவர். உடம்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் தங்களுக்கென்று ஒரு அறிவும் அதை அச்சில் பேசும் பழக்கமும் உள்ள மக்கள் அவர்கள். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பண்பாட்டை மதிக்கும் மருத்துவத் திட்டம்' என்று இன்று எழுதுகிறவர்களில் பலர், பண்பாடு என்றாலே பேயோட்டுவதும் தாயத்துக் கட்டுவதும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பண்பாட்டில் சங்கமும் நூலகமும் வேலைநிறுத்தமும் சேர்ந்தே இருக்கின்றன.

வேலைநிறுத்தம் என்றதும் 1930 வருகிறது. தொழிலாளர்கள் எல்லோரையும் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கிளம்பியது. அதன் பார்வையில் அது வெறும் பதிவேட்டு வேலை. தொழிலாளிக்கு அது குற்றவாளிக்குச் செய்வது. சுரங்கங்கள் மூன்று வாரம் போல நின்றன. நிர்வாகம் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு மனிதனை அளப்பதற்கு முன் அவனிடம் கேட்க வேண்டும் என்று பின்னாளில் பொதுச் சுகாதாரக்காரர்கள் கட்டுரை எழுதிக் கற்ற பாடத்தைத் தங்கவயல் கைரேகை மையிலேயே சொல்லிவிட்டது. ஊசியோ, சளி டப்பாவோ, மூச்சளக்கும் கருவியோ எதை நீட்டினாலும் எதிரே இருப்பவர் முதலில் பார்ப்பது நீட்டுகிற கையைத்தான்.

அதே 1930இல், ஆகஸ்ட் மாதம், ஜோகன்னஸ்பர்க் நகரில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிலிகோசிஸ் மாநாடு கூட்டியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நோய் வெகுநாளாகத் தெரிந்த விஷயம். 1911இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. தூசை அடக்கத் தண்ணீர் ஓடும் டிரில்லும் புதிதில்லை. கொலராடோவில் ஜான் ஜார்ஜ் லைனர் 1890களின் கடைசியிலேயே அதைச் செய்திருந்தார். தூசு கக்கும் பழைய உலர் டிரில்லுக்கு அமெரிக்கத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'விதவையாக்கி'.

கோலாரில் நோய் இருப்பதாக மருத்துவ அறிக்கை வந்தது 1934இல். பெரிய கணக்கெடுப்பு 1940களில். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த 7,653 பேரில் 43.7 சதவீதத்தினருக்குச் சிலிகோசிஸ். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர்!  சிலிகோசிஸ் இந்தியாவில் முதலில் வெளிச்சத்துக்கு வந்த இடம் என்று கோலாரின் பெயர் மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அந்த ஆய்வில் முன்னின்றவர் டாக்டர் கேப்லன். இன்னொரு சிக்கலையும் அவர் தொட்டார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸை எட்டும். அந்தச் சூட்டில் வேலை செய்கிறவர்கள் மயங்கி விழுவதைப் பற்றி அவர் எழுதினார். பிறகு லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து, வெப்பமும் ஈரமும் கூடக் கூட வேலைத்திறன் எப்படிச் சரிகிறது என்று சோதனை செய்து 1946இல் வெளியிட்டார். தூசு ஆய்வையும் சூட்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு முரண் தெரியும். தூசை அடக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் காற்றை ஈரமாக்குகிறது. ஈரக்காற்றில் வேர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது. மூக்கை மூடத் துணியோ முகமூடியோ கொடுத்தால், அந்தப் புழுக்கத்தில் எத்தனை நிமிடம் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு டிரில் பிடிப்பார்? 'தொழிலாளி ஒத்துழைப்பதில்லை' என்று மேலே இருப்பவர் எழுதுவார். கீழே இருப்பவருக்கோ மூச்சு விட வேண்டும். இரண்டு ஆய்வையும் எழுதியவர் ஒருவரே என்பதால் கேப்லனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கேப்லன் பின்னர் வேல்ஸ் போனார். கார்டிஃப் நகரில் நிலக்கரித் தொழிலாளர்களைப் பரிசோதித்து, மூட்டுவாதமும் தூசு நோயும் சேரும்போது நுரையீரலில் தோன்றும் தனி வகை முடிச்சுகளை 1953இல் விவரித்தார். அது 'கேப்லன் நோய்க்குறி' ஆயிற்று. தங்கவயல் நுரையீரல்களில் பழகிய கண் அது. மருத்துவருடைய பெயர் நோய்க்கு ஏறியது; படம் எடுக்கக் கொடுத்தவர்கள் 7,653 என்ற எண்ணாகவே நின்றுவிட்டார்கள். குறையாக இதைச் சொல்லவில்லை. அந்த எண் இல்லாவிட்டால் நோயே இல்லை என்று சாதித்திருப்பார்கள்.

ஆனால் எண்ணுக்குத் தன் எல்லை தெரிவதில்லை. கணக்கெடுப்பில் வந்தவர்கள் அன்றைக்குச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். மூச்சு வாங்க ஆரம்பித்து, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்க முடியாமல், குடியாத்தம் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ ஊருக்குத் திரும்பிப்போனவர் பட்டியலில் இருக்க மாட்டார். அவர் வீட்டில் அது டி.பி. என்று பேசப்பட்டிருக்கும். டி.பி. என்றால் தனித்தட்டு, தனிப்பாய், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவது. நோய் என்று கண்டுபிடித்தால் 'அண்டர்கிரவுண்ட்' வேலை போய் 'சர்ஃபேஸ்' வேலைக்குத் தள்ளிவிடுவார்களோ, கூலி குறையுமோ என்ற பயம் எந்தச் சுரங்கத் தொழிலாளிக்கும் உண்டு. இருமலை மறைப்பதற்கு அது போதும். எக்ஸ்ரே படத்தில் முடிச்சு தெரியும், மறைத்த இருமல் தெரியாது.

இந்த இடைவெளியை ஒரு ஆய்வு நிறுவனம் நேரடியாக எதிர்கொண்டது தங்கவயலுக்குப் பக்கத்திலேயேதான். பெங்களூரில் மைசூர் அரச குடும்பத்தின் பழைய மாளிகை ஒன்றில் 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கியது. அன்றைக்கு உலகம் முழுவதும் எக்ஸ்ரே வண்டிதான் நாயகன். வண்டியை ஊர் ஊராக ஓட்டி, எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, நோயாளியைப் பிடிக்க வேண்டும் என்பது நம்பிக்கை. கிராமத்து மக்கள் அறியாதவர்கள், நோயை உணர மாட்டார்கள், தாமாக வரமாட்டார்கள் என்பது அந்த நம்பிக்கையின் அடித்தளம். அந்த நிறுவனத்தில் டெபாபர் பானர்ஜி என்று ஒருவர் இருந்தார்; மருத்துவம் படித்துவிட்டுச் சமூக ஆய்வுக்கு வந்தவர். அவரும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் ஒரு காரியம் செய்தார்கள். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முடிந்து, யாருக்கு நோய் என்று தெரிந்த பின், அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேச வைத்தார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது? எத்தனை நாளாக? கவலைப்பட்டீர்களா? யாரிடம் போனீர்கள்? என்ன கொடுத்தார்கள்?

பதில் வந்தபோது அடித்தளம் ஆடிப்போயிற்று. நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடம்பில் கோளாறு என்பதை உணர்ந்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அரசு மருந்தகத்துக்கும் ஆங்கில மருத்துவரிடமும் போய்வந்திருந்தார்கள். கொடுத்து அனுப்பியது ஒரு புட்டி இருமல் மருந்து. சளியை யாரும் பார்க்கவில்லை. அறியாமை எந்தப் பக்கம் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1963இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது. அதற்குள் இந்தியாவின் மாவட்டக் காசநோய்த் திட்டம் இந்தக் கண்டுபிடிப்பின்மேல் எழுந்திருந்தது. இருமலோடு தாமாக மருந்தகத்துக்கு வருகிறவரைப் பிடி, சளியை நுண்ணோக்கியில் பார், மருந்தை அங்கேயே கொடு. வண்டி ஓட்டும் செலவு மிச்சம். ஏற்கெனவே இருக்கும் சுகாதார நிலையமே போதும்.

சென்னையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதை ஒட்டிய ஒரு சோதனை நடந்திருந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் வைத்துக் கொடுக்கும் மருந்தையும் குடிசை வீட்டில் இருந்தபடி சாப்பிடும் மருந்தையும் ஒப்பிட்டது. ஊட்டமும் ஓய்வும் குறைந்த வீடுகளிலும் நோய் அதே அளவுக்குக் குணமானது. வீட்டாருக்குத் தொற்று கூடுதலாகவும் பரவவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தபின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாய்க் கதவு சாத்தின. சென்னை ஆய்வு எண்ணால் பேசியது, தும்கூர் ஆய்வு எண்ணோடு பேச்சையும் சேர்த்தது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிடுங்காமல் சிகிச்சை தரலாம் என்பது முதலாவதால் உறுதியானது. எந்த வாசலில் நின்று தரவேண்டும் என்பது இரண்டாவதால்.

இதற்கு இப்போது கலப்பு ஆய்வுமுறை என்று பெயர். பெயர் வந்ததும் நூல்கள் வந்தன, வரைபடங்கள் வந்தன, முதலில் பேச்சா முதலில் எண்ணா என்று வகை வகையான வரிசைகள் வந்தன. சாரம் சுலபம்தான். எத்தனை பேருக்கு என்பதை அளவை சொல்லும், ஏன் வரவில்லை என்பதைப் பேச்சு சொல்லும். இரண்டையும் தனித்தனி அறிக்கையாக எழுதி ஒரே அட்டைக்குள் தைத்தால் அது கலப்பாகாது. ஒன்றின் விடை மற்றதன் கேள்வியை மாற்ற வேண்டும். தும்கூரில் மாறியது. நான் பார்க்கும் பல திட்ட அறிக்கைகளில் மாறுவதில்லை. நாலு மேற்கோளை எண்களுக்கு நடுவே அலங்காரமாகச் செருகியிருப்பார்கள்.

ஒரே தாளில் இரண்டையும் செய்ய முடியும் என்று காட்டிய முயற்சியும் பெங்களூரோடு தொடர்புள்ளதுதான். மிட்செல் வைஸ் என்ற ஆய்வாளர் பம்பாயில் தொழுநோயாளிகளிடம் பயன்படுத்திய நேர்காணல் தாள் ஒன்று நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு வந்தது. உங்களுக்கு வந்திருப்பது என்ன, எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே மதிப்பெண்ணும் இடும் தாள். மனநல மருத்துவர் ரகுராம் குழுவினர் 80 பேரிடம் இதைப் பயன்படுத்தி 1996இல் எழுதினார்கள். மனச்சோர்வு என்று பேசுவதில் வெட்கமும் ஒதுக்கப்படும் பயமும் கூடுதல். உடம்பு வலி என்று பேசுவதில் அது குறைவு. அதனால்தான் தென்னிந்தியர் மருத்துவரிடம் போய் நெஞ்சு வலிக்கிறது, தலை கனக்கிறது என்கிறார்கள். வலியைச் சொல்வதில் ஒரு கெட்டிக்காரத்தனமான தேர்வு இருக்கிறது. சுரங்கத்து மனிதர் 'ஒன்றுமில்லை, சாதாரண இருமல்' என்று சொன்னாலும் அதற்குள் அப்படி ஒரு தேர்வு இருக்கத்தான் செய்யும்.

வெல்லத்தின் கதையும் இதில் சேரும். பஞ்சாலையோ அரிசி மில்லோ, தூசில் வேலை செய்கிறவர்கள் வேலை முடிந்து ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே போன தூசை அது இழுத்துக்கொண்டு போகும் என்று நம்பிக்கை. படித்தவர்கள் சிரிப்பார்கள். லக்னோவில் தொழில்துறை நச்சியல் ஆராய்ச்சி மையத்தில் இருந்த சாஹு, சக்சேனா இருவரும் சிரிக்காமல் எலிகளுக்கு நிலக்கரித் தூசும் சிலிக்காத் தூசும் கொடுத்து, சிலவற்றுக்கு வெல்லமும் கொடுத்துப் பார்த்தார்கள். வெல்லம் தின்ற எலிகளின் நுரையீரலிலிருந்து துணுக்குகள் கூடுதலாக வெளியேறின என்று 1994இல் வெளியிட்டார்கள். எலி மனிதனில்லை, வெல்லம் தண்ணீர் டிரில்லுக்கு மாற்றும் இல்லை. முதலாளி முகமூடிக்குப் பதில் வெல்லம் வாங்கிக் கொடுக்கும் ஆபத்தும் இதில் இருக்கிறது. என்றாலும் பரிசோதனைச் சாலைக்குக் கேள்வி தொழிலாளியின் வாயிலிருந்து வந்ததே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சுகாதாரப் பணியாளர் லைன் வீட்டுக்குப் போய் 'வெல்லம் சாப்பிடுகிறீர்களா' என்று ஆரம்பித்தால் பேச்சு அரை மணி நேரம் போகும். 'சிலிக்கா பற்றித் தெரியுமா' என்று ஆரம்பித்தால் அரை நிமிடம்.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும், 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்துக்கும் கைமாறின. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென்று 1990இல் ஒரு தேசிய நிறுவனம் உருவாகித் தங்கவயலிலும் ஆய்வகம் வைத்திருந்தது. தலைமை நாக்பூரில் அமைந்தது, 2019இல் அதையும் அகமதாபாத் நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள். பெயர்பெற்ற கம்பெனி ஆஸ்பத்திரியும் பூட்டிக் கிடந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கூடி அதைக் கூட்டித் துடைத்துப் படுக்கை போட்டார்கள்.

தூசு மட்டும் ஓய்வு பெறவில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் மிஞ்சிய மண் 13 மேடுகளாகக் குவிந்திருக்கிறது. 3 கோடி டன்னுக்கு மேல். ஊரில் சயனைடு மேடு என்பார்கள். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம். அங்கே எடுக்காத சண்டைக் காட்சி இல்லை. பெயரைக் கேட்டுச் சயனைடுக்குப் பயப்படுகிறார்கள். வெயிலில் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும். சிலிக்கா சிதையாது. காற்றடிக்கும் காலத்தில் அது கூரையிலும் காயப்போட்ட துணியிலும் படிகிறது. முன்பு கீழே இறங்கியவர் மட்டும் சுவாசித்ததை இப்போது இறங்காதவரும் சுவாசிக்கிறார். எந்த அளவு நுண்தூசு, எந்தத் தெருவில், எத்தனை பேருக்கு என்பதெல்லாம் அளந்தால்தான் தெரியும். அந்த மேடுகளை மறுபடி அலசி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்திருக்கிறது. அலசல் தொடங்கினால் 1,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தூசு மீண்டும் புரளும்.

அதற்கு முன்பாக ஒரு மருத்துவத் திட்டம் அங்கே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வழி தெரிந்ததே: பந்தல் போட்டு முகாம், காலை பத்து முதல் மாலை நாலு, மூச்சளவைக் கருவி, எக்ஸ்ரே, துண்டறிக்கை. அந்தப் பத்து மணிக்கு வேலைக்குப் போகும் வயதினரில் பெரும்பகுதி பெங்களூரில் இருக்கும். மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் விடியுமுன் ஏறி இரவில் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அவர்கள். ரயில் அட்டவணையைப் பார்க்காமல் போட்ட முகாமில் வருகை குறைந்தால், 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். தும்கூர் ஆய்வுக்கு முன் சொன்னதும் இதையேதான்.

1990களில் டிரில் பிடித்தவர்களுக்கு இப்போது ஐம்பதிலிருந்து எழுபது வயது. நோய் முற்றுவதற்கு ஏற்ற வயது. அவர்களைத் தேட முகாமைவிடச் சங்கங்களும் மாதாகோயில்களும் பௌத்தச் சங்கங்களும் நல்ல வழி. அரசுப் படிவம் கன்னடத்தில் வரும், வீட்டில் பேச்சு தமிழில் நடக்கும், மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். இந்த மூன்றுக்கும் நடுவில் 'மூச்சு இரைப்பு', 'மார்ச்சளி', 'நெஞ்சடைப்பு' எல்லாம் எந்தக் கட்டத்தில் விழும் என்பதைக் கேள்வித்தாள் அச்சாகுமுன் அங்கே உட்கார்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். டி.பி. என்ற சொல்லை முதல் கேள்வியில் வைக்கக்கூடாது. எந்த லெவலில் வேலை செய்தீர்கள், ஏர் பிளாஸ்ட் பார்த்திருக்கிறீர்களா என்று ஆரம்பிக்கலாம். பாறை வெடித்துச் சிதறிய அந்தக் கதையைச் சொல்லாத பழைய தொழிலாளி கிடையாது. கதையிலேயே எந்தச் சுரங்கம், எத்தனை ஆண்டு, தண்ணீர் டிரில்லா உலர் டிரில்லா என்பதெல்லாம் வந்துவிடும். தூசு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று கணக்கிட வேண்டியவை அவைதாம். பேச்சு எண்ணாகிற இடம் அது. மூச்சளவை எடுத்தபின் எண்கள் ஒரு லைனில் மட்டும் மோசமாக இருந்தால், மறுபடி அந்த லைனுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும். எண் பேச்சாகிற இடம் இது. இரண்டாவது நடைக்குத் திட்டங்களில் பணம் ஒதுக்குவது அபூர்வம்.

இழப்பீட்டுக் கேள்வியை ஒளித்து வைக்கவும் கூடாது. சிலிகோசிஸ் என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும், மூடிய கம்பெனியில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். பதில் இல்லாமல் போகிறவர் 1930இல் மைப்பெட்டியோடு போனவரின் வாரிசுதான். 2019இல் ராஜஸ்தான் அரசு சிலிகோசிஸ் நோயாளிகளுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது; கல்குவாரித் தொழிலாளிக்கு எந்த முதலாளியிடம் வேலை செய்தார் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் உதவி கிடைக்க வழி செய்தது. கர்நாடகத்திலும் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

தூசு அளக்கும் கருவியை எங்கே, எப்போது வைப்பது என்பதற்கு நான் முதலில் கேட்கும் ஆள் விஞ்ஞானியாக இருக்க மாட்டார். மேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாசல் கூட்டுகிற பெண்ணிடம், எந்த மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கூட்ட வேண்டியிருக்கிறது, எந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைக்கிறீர்கள், தண்ணீர்ப் பானையை எப்போது உள்ளே எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் மாதத்தில், அவர் காட்டும் ஜன்னலில் கருவியை மாட்டச் சொல்வேன். ஆண்டு சராசரி என்று ஒரு எண்ணை அலுவலகக் கூரையிலிருந்து எடுத்து வந்து எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதுவதற்குமுன், அந்த ஜன்னலில் படிந்ததை எடை போட்டாக வேண்டும்.